பைக்கில் புதுச் சத்தமா? மெக்கானிக்கிடம் போவதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியவை

வண்டியில் இதுவரை இல்லாத ஒரு சத்தம் கேட்டால், புதிதாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, இன்னும் நாலு நாள் ஓட்டிப் பார்ப்போம் என்று விட்டுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் நேராகப் பட்டறைக்குப் போய், "அண்ணே, இன்ஜின்ல சத்தம் வருது" என்கிறார்கள். இன்ஜின் என்று நாமே சொல்லிவிட்டால், அவரும் இன்ஜினைத்தான் பார்ப்பார். அது இன்ஜினில் வருகிற சத்தம்தானா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்பிளெண்டர் வாங்கியிருந்தான். ஓடும்போது "டிக் டிக்" என்று ஒரு சத்தம். ஒரு பட்டறையில் டேப்பெட் (வால்வு இடைவெளி) அட்ஜஸ்ட் செய்து கொடுத்தார்கள், போகவில்லை. இன்னொரு பட்டறையில் இன்ஜினின் மேற்பகுதியான ஹெட்டை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பயந்துபோய் என்னிடம் வந்தான். தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன். கிளட்சைப் பிடித்ததும் இன்ஜின் அடங்கியது, "டிக் டிக்" அடங்கவில்லை. இறங்கி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் தள்ளினேன். அப்போதும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டிக்". பின் டயரின் பள்ளங்களை விரலால் தடவிக்கொண்டே வந்தபோது, தேய்ந்து பளபளத்த ஓர் ஆணித் தலை தட்டுப்பட்டது. பட்டறையில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு இன்ஜினை முறுக்கித்தான் கேட்டிருக்கிறார்கள். சக்கரம் தரையைத் தொடாதபோது அந்த ஆணி எப்படிச் சத்தம் போடும்?

அதனால் இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பக் கேட்கப் போவது ஒரே கேள்விதான்: சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது? "கட கட" என்பதா "கர கர" என்பதா என்பது அப்புறம். ஒருவர் காதுக்குக் கடகட என்பது இன்னொருவர் காதுக்கு லொடலொட. எப்போது வருகிறது என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறாது.

முதலில் நான்கு சோதனைகள்

முதல் சோதனை நின்ற இடத்தில். வண்டியை வெளியே, காற்றோட்டமான இடத்தில் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், சைலன்சர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மெதுவாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சத்தம் இங்கேயே வந்தால் அது இன்ஜின், சைலன்சர், அல்லது இன்ஜின் அதிர்வில் ஆடும் ஏதோ ஒரு பாகம். வராவிட்டால் பெரும்பாலும் செயின், சக்கரம், பிரேக், ஷாக் அப்சர்பர் பக்கம்தான் தேட வேண்டும்.

இரண்டாவது, காலியான சாலையில் 30, 40 கி.மீ. வேகத்தில் போய்க் கிளட்சைப் பிடிப்பது. இன்ஜின் வேகம் இறங்கிவிடும், சக்கரம் மட்டும் அதே வேகத்தில் உருளும். சத்தம் இன்ஜினோடு சேர்ந்து இறங்குகிறதா, சக்கரத்தோடு தொடர்கிறதா என்று கவனியுங்கள். ஓடும்போது சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். தவறிப்போய் இன்னும் திரும்பினால் ஹேண்டில் லாக் விழுந்துவிடலாம்.

மூன்றாவது, எண்ணிப் பார்ப்பது. எனக்கு மிகவும் உதவுவது இதுதான். 18 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் போகும். மணிக்கு 7 கி.மீ. வேகத்தில், அதாவது வேகமாக நடக்கிற மாதிரி உருட்டினால், வினாடிக்கு ஒரு சுற்று. இன்ஜினோ ஐடிலிங்கிலேயே நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று, வினாடிக்கு 23. வால்வு அதில் பாதி, வினாடிக்குப் பதினொன்று பன்னிரண்டு முறை திறந்து மூடும். மெதுவாகப் போகும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று உங்களால் எண்ண முடிகிற சத்தம் இன்ஜினில் இருந்து வர வாய்ப்பே குறைவு. அது சக்கரத்தின் கணக்கு.

நான்காவது, சூழ்நிலை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து, சூடானதும் போகிறதா? சூடான பிறகுதான் வருகிறதா? பிரேக் பிடித்தால் மட்டுமா? மேடு பள்ளத்தில் மட்டுமா? பின்னால் ஆள் உட்கார்ந்தால் மட்டுமா? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆடுகிற பொருள்களை முதலில் ஒதுக்குங்கள்

செலவில்லாத காரணத்தை முதலில் பார்த்துவிடுவது நல்லது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும், உதாரணமாக 45 தொட்டால் வந்து 50 தாண்டினால் போய்விடும் சத்தம், பெரும்பாலும் தளர்ந்துபோன ஒரு தகடுதான். ஒவ்வொரு தகட்டுக்கும் அதற்கென்று ஓர் அதிர்வு உண்டு. இன்ஜின் அதிர்வு அதோடு ஒத்துப்போகும் இடத்தில் மட்டும் அது பாடும். வண்டியை நிறுத்தி, அந்தச் சத்தம் வரும் அளவுக்கு இன்ஜினைக் கூட்டி வைத்துக்கொண்டு, நம்பர் பிளேட், மிரர், சைடு பாக்ஸ், மட்கார்டு, லெக் கார்டு, ஹாரன், சாரி கார்டு என்று ஒவ்வொன்றாக இன்னொரு கையால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான். சைலன்சர் கவர் பக்கம் மட்டும் கை வைக்காமல் ஒரு மரக்குச்சியால் அழுத்துங்கள். நட்டை இறுக்கி, நடுவில் ஒரு ரப்பர் வாஷர் போட்டால் தீர்ந்தது.

சாரி கார்டு தொல்லை கொடுக்கிறது என்று சிலர் கழற்றியே போட்டுவிடுகிறார்கள். செய்யாதீர்கள். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. சேலை முந்தானையும் துப்பட்டாவும் ஸ்போக்கில் சிக்கி நடக்கும் விபத்துகள் கொடுமையானவை. ஆடினால் இறுக்கிக் கட்டுங்கள், கழற்ற வேண்டாம்.

இன்ஜினைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் அப்படியே ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். அதில் ஒன்று தளர்ந்திருந்தால் இன்ஜினே உடைந்துபோனது போல வண்டி அதிரும்.

செயின்: அதிகம் குற்றவாளி இதுதான்

நம்மூர் சாலையின் தூசி, மழை, சேறு எல்லாவற்றையும் தாங்குவது செயின். கவனிப்பு குறைவாகக் கிடைப்பதும் அதற்குத்தான். செயின் சத்தம் வண்டி ஓடும்போது வரும், நின்று முறுக்கினால் வராது. முழு கவர் போட்ட வண்டியில் செயின் தொங்கிப்போனால் கவரில் அடித்து "சட சட" என்று கேட்கும், அதுவும் ஆக்சிலரேட்டரை விடும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் அதிகமாக. காய்ந்துபோன செயின் "கிர் கிர்" என்று அரைக்கும். அளவுக்கு மீறி இறுக்கிய செயின் ஒரு முனகல் போல "ஙொய்" என்று வேகத்தோடு ஏறும். இந்த மூன்றாவதுதான் ஆபத்து. தளர்வான செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும். இறுகிய செயின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சக்கர பேரிங்கையும் கியர்பாக்ஸ் பேரிங்கையும் தின்னும்.

பார்க்கும் முறை இது. இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடும்போது செயின் அருகே விரல் போகவே கூடாது. துணியால் துடைக்கப் போய் விரலை இழந்தவர்கள் உண்டு. நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில், கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசையுங்கள். கவர் போட்ட வண்டியில் இதற்கென்றே ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றினால் போதும். சாதாரண 100, 125 சிசி வண்டிகளில் மொத்த ஆட்டம் 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கலாம். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். பின் சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி மறுபடி பாருங்கள். இப்படி நாலைந்து இடத்தில். ஓரிடத்தில் தொங்கி இன்னோர் இடத்தில் விறைப்பாக இருந்தால், செயின் சீராகத் தேயவில்லை என்று அர்த்தம். அட்ஜஸ்ட் செய்வதாக இருந்தால் விறைப்பான இடத்தை வைத்துத்தான் செய்ய வேண்டும். தொங்குகிற இடத்தை வைத்து இறுக்கினால், விறைப்பான இடம் வரும்போது அது கம்பி போல் இழுக்கும்.

கவரைக் கழற்ற முடிந்தால், செயின் ஓடும் பல்சக்கரமான பின் ஸ்பிராக்கெட்டையும் பாருங்கள். பல்லின் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி மாதிரி ஆகியிருந்தால் காலம் முடிந்தது. ஸ்பிராக்கெட்டின் பின்பக்கம் செயினை விரலால் வெளியே இழுத்துப் பாருங்கள், பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தாலும் அதே கதைதான். செயினை மட்டும் மாற்றாமல் இரண்டு ஸ்பிராக்கெட்டோடு செட்டாக மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

எண்ணெய்க்கு 90 கிரேடு கியர் ஆயில் அல்லது செயின் ஸ்பிரே. 500 கி.மீ.க்கு ஒரு முறை, மழையில் ஓட்டினால் அன்றைக்கே. இன்ஜினில் இருந்து இறக்கிய பழைய கறுப்பு ஆயிலை ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் உள்ள கசடும் உலோகத் துகளும் உப்புத்தாள் போடும் வேலையைச் செய்யும். செயினை இறுக்கிய பிறகு, பின் பிரேக் பெடலை ஒரு முறை மிதித்துப் பார்க்க மறக்காதீர்கள். டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னால் நகர்ந்தால் பிரேக்கும் இறுகிப்போகும்.

கியர் மாற்றும்போதும் ஆக்சிலரேட்டரைத் திருகும்போதும் பின்னால் இருந்து "டங்" என்று ஓர் அடி விழுந்தால், பின் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் இருக்கும் ரப்பர்கள் தேய்ந்திருக்கலாம். விலை குறைந்த பொருள்தான்.

சக்கரம், பிரேக், ஹேண்டில்

பிரேக் பிடித்தால் மட்டும் வரும் சத்தத்துக்கு வேறெங்கும் தேட வேண்டாம். மழை நாளில் காலையில் ஒன்றிரண்டு முறை "கீச்" என்று கத்திவிட்டு நின்றுபோனால் பரவாயில்லை. "கர கர" என்று இரும்பும் இரும்பும் உரசுவது போல் வந்தால் ஷூவோ பேடோ தீர்ந்துவிட்டது, டிரம்மையோ டிஸ்க்கையோ அரிக்கத் தொடங்கியிருக்கிறது. டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், நுரையீரலுக்கு ஆகாது.

சக்கர பேரிங் போனால், கியர் எதுவானாலும் கிளட்ச் பிடித்தாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும் "உய்ங்" என்ற ஓர் இரைச்சல் வரும். சக்கரம் தரையில் படாதபடி நிறுத்தி, டயரின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். கொஞ்சம் "டக்" என்று ஆடினாலும் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். அப்புறம் ஒரு கையை ஃபோர்க்கிலோ பின் ஷாக் அப்சர்பரிலோ வைத்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல பேரிங் வழுக்கிக்கொண்டு ஓடும். கெட்ட பேரிங்கின் கொரகொரப்பு, காதுக்குக் கேட்கும் முன்பே உள்ளங்கைக்குத் தெரியும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது ஹப்பின் நடுவிலேயே பிரஷரில் தண்ணீர் அடிப்பதைத் தடுத்துவிடுங்கள். கிரீஸ் போனால் பேரிங் போனது.

ஸ்போக் சக்கரமாக இருந்தால் ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமான கம்பி "டிங்" என்று ஒலிக்கும், தளர்ந்தது "டப்" என்று செத்த ஒலி தரும். வீணைக் கம்பி போலத்தான், காது இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். முன் சக்கரப் பக்கம் குருவி மாதிரி "கீச் கீச்" என்று கேட்டு, ஸ்பீடோமீட்டர் முள்ளும் நடுங்கினால், அந்த கேபிள் காய்ந்திருக்கிறது.

முன் பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் ஹேண்டில் கழுத்தில் "டக்" என்று கேட்டால், ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங், அதாவது கோன் செட் என்கிற பால் ரேஸ். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவரைப் பின் சீட்டில் அழுத்தச் சொன்னால் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். கழுத்தில் ஆட்டம் தெரிந்தால் இறுக்க வேண்டும். ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால், இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இன்ஜின் சத்தம் என்று உறுதியானால்

முதல் வேலை, ஆயில் பார்ப்பது. வேறு எதையும் தொடும் முன் ஆயில். வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, அணைத்துச் சில நிமிடம் விட்டு, கையேட்டில் சொன்னபடி டிப்ஸ்டிக்கிலோ கண்ணாடியிலோ அளவைப் பாருங்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே போன இன்ஜினில் எல்லா இடத்திலும் சத்தம் வரும். அந்த நிலையில் ஓட்டினால், இன்றைய ஒரு பாட்டில் ஆயிலில் முடிய வேண்டிய விஷயம் ஹெட், கிராங்க் என்று போய்விடும்.

சத்தம் எங்கிருந்து என்று அறிய நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்தி, நுனியை இன்ஜினின் ஒவ்வோர் இடத்திலும் வைத்துக் கேளுங்கள். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்பது போலத்தான். தோளில் துண்டோ துப்பட்டாவோ தொங்க வேண்டாம், இன்ஜினில் இருந்து சைலன்சருக்கு வளைந்து போகும் குழாயான சைலன்சர் பெண்டில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டின் மேல், தையல் மெஷின் ஓடுவது போல மெல்லிய "டிக் டிக் டிக்" கேட்டால் டேப்பெட். வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் ஒரு தாளின் தடிமன் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். சூட்டில் உலோகம் நீள்வதற்காக விட்ட இடம் அது. அந்த இடைவெளி கூடிப்போனால் சத்தமும் கூடும். இங்கே புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான ஒன்று இருக்கிறது: "சத்தமே வராத மாதிரி டைட் பண்ணிக் கொடுங்கண்ணே" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். இடைவெளி இல்லாமல் இறுக்கினால், சூடானதும் வால்வு முழுதாக மூடாது. வால்வு தன் சூட்டை இறக்குவதே மூடி உட்காரும் நேரத்தில்தான். உட்கார முடியாத வால்வு கருகும், கம்ப்ரஷன் போகும், வண்டி இழுக்காது. இன்ஜின் அமைதியாகவே இருக்கும், உள்ளே வால்வு எரிந்துகொண்டிருக்கும். லேசான டேப்பெட் சத்தம் ஆரோக்கியமானது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து அளந்து செய்கிற மெக்கானிக்கிடம் கொடுங்கள். ராயல் என்ஃபீல்டின் யுசிஇ இன்ஜின் போல ஆயில் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் உள்ளவற்றில் இந்த அட்ஜஸ்ட்மென்டே கிடையாது. காலையில் ஆயில் ஏறும் வரை சில வினாடி தட்டிவிட்டு அடங்கும்.

இன்ஜினின் ஒரு பக்கத்தில், ஸ்பிளெண்டர் வகையில் இடப்பக்கம், சங்கிலியைத் தகரத்தில் இழுப்பது போல "சல சல" என்று கேட்டால், இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் அல்லது அதை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர். ஆக்சிலரேட்டரை விடும்போது இது தெளிவாகக் கேட்கும். தள்ளிப்போட வேண்டாம். நழுவினால் டைமிங் தவறி, இன்ஜின் நின்றுபோகும்.

காலைக் குளிரில் "டொக் டொக்" என்று அடித்து, சூடானதும் மறைவது பிஸ்டன் தளர்வாக இருப்பதன் அடையாளம். கூடவே நீலப் புகையும் வந்தால் ரிங், பிஸ்டன், போர் வேலை நெருங்குகிறது. சூடான பிறகும் அடி வயிற்றில் இருந்து கனமாக, இன்ஜின் வேகத்தோடு "டக் டக்" என்று கூடிக்கொண்டே போனால் கனெக்டிங் ராட் பேரிங். அங்கேயே அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ போங்கள்.

பாலம் ஏறும்போது டாப் கியரிலேயே இழுத்தால், டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போல "கிண் கிண்" என்று கேட்கும். பெரும்பாலும் ஒரு கியர் குறைத்தால் போய்விடும். குறைத்தும் போகாவிட்டால் பிளக், கார்பன், பெட்ரோல் தரம் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் வந்து, கிளட்ச் பிடித்தால் நிற்கும் சத்தம் கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் பேரிங்கைச் சேர்ந்தது.

சைலன்சர் பெண்ட் ஹெட்டோடு சேரும் இடத்தில் "புஸ் புஸ்" என்று ஊதி, சுற்றிலும் கறுப்புப் புகைத்தடம் படிந்திருந்தால் கேஸ்கெட் போயிருக்கிறது. இதைப் பலர் டேப்பெட் சத்தம் என்று நினைத்துவிடுகிறார்கள், இரண்டும் அவ்வளவு ஒத்து ஒலிக்கும். புகைத்தடத்தைத் தேடுங்கள்.

பயப்பட வேண்டாத சத்தங்கள்

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். சாவி போட்டதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று வினாடி "ம்ம்ம்" என்று கேட்பது பெட்ரோல் பம்ப். அது கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். வண்டியை நிறுத்திய பிறகு வரும் "டிக்… டிக்…" சைலன்சர் ஆறிச் சுருங்கும் ஒலி. முதல் கியர் விழும் "டக்" இயல்பு. செல்ஃப் பட்டனை அழுத்தினால் "டக டக டக" என்று மட்டும் கேட்டு இன்ஜின் சுற்றாவிட்டால் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் அதன் முனைகள் தளர்ந்திருக்கின்றன.

பட்டறையில் என்ன சொல்வது

"இன்ஜின்ல சத்தம்" என்பதற்குப் பதில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, 40-க்கு மேல போனா வருது. கிளட்ச் பிடிச்சாலும் நிக்கல. நின்னு முறுக்கினா வரல. போன வாரம் வாட்டர் சர்வீஸ் பண்ணதுக்கு அப்புறம்தான்." இதைக் கேட்ட நல்ல மெக்கானிக் ஸ்பேனரை இன்ஜின் பக்கம் கொண்டுபோகாமல் சக்கரத்தைத்தான் சுற்றிப் பார்ப்பார். சத்தம் விட்டு விட்டு வருவதாக இருந்தால் போனில் பதிவு செய்து வையுங்கள், பட்டறை வாசலில் அது பெரும்பாலும் வராது. முடிந்தால் அவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் உட்கார்ந்து, சத்தம் வந்த நொடியில் அவர் தோளைத் தட்டுங்கள். நீங்கள் சொல்கிற சத்தமும் அவர் கேட்கிற சத்தமும் ஒன்றுதான் என்று அப்போதுதான் இருவருக்கும் தெரியும்.

தம்பியின் வண்டி ஆணியை நாங்கள் அங்கேயே பிடுங்கவில்லை. டியூப் டயர், பிடுங்கியிருந்தால் வீட்டு வாசலிலேயே காற்று இறங்கியிருக்கும். அப்படியே பஞ்சர் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம், வழியெல்லாம் "டிக்… டிக்…" என்று எண்ணிக்கொண்டே.